சாய்க்கத் தெரிந்தால் தூக்க வேண்டியதில்லை

மல்யுத்தத்தில் இரண்டு தோள்பட்டைகளும் தரையில் அழுத்தப்பட்டால் ஆட்டம் முடிந்தது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அப்படியில்லை. மல்லாந்து கிடப்பவர் கால்களால் எதிராளியைத் தடுத்து வைத்திருக்கும்வரை அவர் தோற்றவர் ஆகமாட்டார். அந்தத் தடுப்பு நிலைக்கு கார்டு என்று பெயர். மேலே இருப்பவர் அந்தக் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கிப் பிடித்தால் அவருக்கு 3 புள்ளி. நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தால் 4 புள்ளி. கீழே இருப்பவர் கார்டிலிருந்தே அவரைப் புரட்டி, தான் மேலே வந்து, 3 விநாடி அங்கே நிலைத்துவிட்டால் இவருக்கு 2 புள்ளி. இந்தப் புரட்டல்தான் ஸ்வீப்.

கார்டு வகைகளில் மிகவும் நெருக்கடியானது ஹாஃப் கார்டு. மேலே இருப்பவர் கிட்டத்தட்ட தாண்டிவிட்டார். ஒரு கால் வெளியே வந்தாயிற்று. இன்னொரு கால் மட்டும் கீழே இருப்பவரின் இரண்டு கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. மார்போடு மார்பு நெருங்கியிருக்கிறது. மேலே இருப்பவர் 90 கிலோ, கீழே இருப்பவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். படுத்த நிலையில் 90 கிலோவைக் கையால் தூக்கி அப்பால் போடுவது பளுதூக்கும் வீரருக்கே சுலபமல்ல. அப்படியிருந்தும் உலகெங்கும் உள்ள பயிற்சிக்கூடங்களில் மெலிந்த உடல்காரர்கள் தம்மைவிடக் கனமானவர்களை இந்த நிலையிலிருந்து தினமும் புரட்டுகிறார்கள். எப்படி?

காயத்தில் பிறந்த உத்தி

ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-ல் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். எறிதல் ஒவ்வொன்றையும் அவர் மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் எதிராளியின் சமநிலையைக் குலைக்க வேண்டும், அடுத்து நம் உடலைச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும், எறிவது கடைசியில்தான். அந்தப் பள்ளியில் பயின்ற மயேடா மித்சுயோ 1914-ல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அமேசான் முகத்துவாரத்தை ஒட்டிய பெலெம் நகரில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் அவருடைய தம்பிகளும் ரியோ டி ஜெனீரோவில் வளர்த்தெடுத்ததே இன்றைய பிரேசிலிய ஜியு-ஜிட்சு. நின்றபடி எறிவதற்காகச் சொல்லப்பட்ட அந்த மூன்று கட்டங்கள் அங்கே தரையில் படுத்தபடி புரட்டுவதற்கும் பொருந்தின.

ஆனாலும் ஹாஃப் கார்டை நெடுங்காலம் யாரும் மதிக்கவில்லை. கார்டு உடைந்துகொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் இடம், அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் ரியோவின் கிரேசி பாஹா கூடத்தைச் சேர்ந்த ரொபெர்ட்டோ கொர்ரேயா என்பவருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. கோர்டோ என்ற பட்டப்பெயரால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டு கால்களையும் விரித்து மடக்கி ஆடும் முழு கார்டு அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை. காயம்பட்ட காலைப் பாதுகாத்துக்கொண்டு ஹாஃப் கார்டிலேயே ஆட ஆரம்பித்தார். ஆடி ஆடி, அங்கிருந்து தொடுக்கக்கூடிய புரட்டல்களைக் கண்டுபிடித்தார். ஒதுங்கி நிற்கும் இடமாக இருந்த ஹாஃப் கார்டு தாக்குதலின் தொடக்கப் புள்ளியாக மாறியதில் பெரும்பங்கு அவருடையது.

எத்தனை சென்டிமீட்டர்?

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே 14.2 கிலோ எரிவாயு, இரும்பின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். படியில் ஏற்றும்போது மட்டும்தான் தோளில் வைக்கிறார். சமதரையில் தூக்குவதே இல்லை. மேல்வளையத்தைப் பிடித்துச் சற்றே சாய்த்து, அடிவிளிம்பில் நிறுத்தி, உருட்டிக்கொண்டே போகிறார். அவர் கைக்கு வருவது 30 கிலோவின் சிறு பங்குதான். மீதியைத் தரை சுமக்கிறது. ஸ்வீப்பும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஒரு பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் கீழ்நோக்கிச் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுதான் புவியீர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கு அது தரையிலிருந்து உயரத்தின் ஏறத்தாழ 55 சதவீதத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்கு உள்ளே இருக்கும். உடல் தரையைத் தொடும் புள்ளிகளை ஒரு கயிற்றால் சுற்றி வளைத்தால் கிடைக்கும் பரப்பு தாங்குதளம். புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே விடும் தூக்குநூல் இந்தப் பரப்புக்குள் விழும்வரை ஆள் விழமாட்டார். விளிம்பைத் தாண்டிவிட்டால், அதற்குமேல் யாரும் தள்ள வேண்டியதில்லை. மிச்சத்தைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும்.

மேலே மண்டியிட்டிருக்கும் 90 கிலோ ஆளின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்போம். பக்கவாட்டு விளிம்பு 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அவரை அந்த விளிம்பின்மேல் கவிழ்க்க வேண்டுமானால் மையம் ஒரு வில்லைப்போல் மேலேறி இறங்க வேண்டும். பித்தகோரஸ் தேற்றத்தின்படி வில்லின் உச்சி 58.3 செ.மீ. அதாவது மையத்தை 8.3 செ.மீ. உயர்த்தியாக வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றல் சுமார் 73 ஜூல்.

இப்போது விளிம்பை 30-லிருந்து 10 செ.மீ.க்குக் கொண்டுவந்துவிடுவோம். எடை அதேதான், உயரமும் அதேதான். வில்லின் உச்சி 51 செ.மீ. மையம் ஏற வேண்டியது வெறும் 1 செ.மீ. ஆற்றல் 9 ஜூல்கூட வேண்டாம். எடையில் ஒரு கிராமும் குறையவில்லை, ஆனால் வேலை எட்டில் ஒரு பங்காகிவிட்டது. ஸ்வீப் என்ற கலையின் பெரும்பகுதி இந்த 20 செ.மீ.யைத் திருடுவதில்தான் இருக்கிறது.

நான்கு முட்டுகள்

இதை உங்கள் உடலிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாயில் தவழும் நிலையில் நில்லுங்கள். இரண்டு கைகள், இரண்டு முழங்கால்கள் என நான்கு முட்டுகள். வலது கையையும் இடது காலையும் ஒருசேர உயர்த்துங்கள். கொஞ்சம் ஆடினாலும் நிற்க முடியும், ஏனென்றால் மீதமுள்ள இரண்டு முட்டுகளும் மூலைவிட்டத்தில் இருக்கின்றன, புவியீர்ப்பு மையம் அந்தக் கோட்டின் மேலேயே வருகிறது. இப்போது வலது கையையும் வலது காலையும் சேர்த்து உயர்த்துங்கள். உடலை இடப்பக்கம் ஒதுக்காவிட்டால் அடுத்த கணமே வலப்பக்கம் சரிவீர்கள். ஆளை விழவைக்க நான்கு முட்டுகளையும் பறிக்கத் தேவையில்லை. ஒரே பக்கத்தின் இரண்டைப் பறித்தால் போதும்.

ஹாஃப் கார்டில் கீழே இருப்பவருக்குக் கிடைத்திருக்கும் மூலதனம் இதுதான். எதிராளியின் ஒரு கால் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. அந்த முழங்கால் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், எடையையும் தாங்கும். ஆனால் இடம் மாற முடியாது. நாம் சாயும்போது நம்மைக் காப்பாற்றுவது ஏற்கெனவே ஊன்றியிருக்கும் கால் மட்டுமல்ல, அடுத்து எடுத்து வைக்கப்போகும் காலும்தான். அந்த அடுத்த அடியை ஹாஃப் கார்டு பறித்துக்கொள்கிறது. ஜூடோ விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. கீழே இருப்பவர் கால்களால் எதிராளியின் காலைப் பின்னியிருக்கும்வரை, மேலே இருப்பவரின் அமுக்குப் பிடி அங்கே கணக்கில் சேராது.

இனி ஒரு ஸ்வீப்பை அருகிலிருந்து பார்ப்போம். ஓல்ட் ஸ்கூல் என்று கூடங்களில் சொல்வார்கள். எட்டி பிராவோ என்ற அமெரிக்கர் தன் முறையில் இதற்கு முக்கிய இடம் கொடுத்ததால் உலகெங்கும் பரவிய புரட்டல்.

கீழே இருப்பவர் முதலில் செய்வது மல்லாந்து கிடப்பதை விடுவது. இடுப்பைத் திருப்பி, எதிராளியைப் பார்த்து ஒருக்களித்துப் படுக்கிறார். முதுகு முழுக்கத் தரையில் ஒட்டியிருந்தால் கைகளால் நேர்மேலே தள்ளத்தான் முடியும். அது மொத்த எடையையும் தூக்கும் வேலை. ஒருக்களித்தால் இடுப்பும் தோளும் அச்சாகி, உடலைச் சுழற்ற முடிகிறது.

அடுத்தது அண்டர்ஹுக். எதிராளியின் எந்தக் கால் மாட்டியிருக்கிறதோ, அந்தப் பக்கத்து அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து முதுகை அணைத்துப் பிடிப்பது. அக்குள் மேலே தள்ளப்படும்போது அந்தப் பக்கத்துக் கை தரையை விட்டு எழும்பிவிடுகிறது. எதிராளி சும்மா இருக்கமாட்டார். அதே கையால் இவருடைய கையின்மேல் வளைத்து இறுக்குவார். அதற்கு விஸ்ஸர் என்று பெயர். இறுக்கட்டும், நல்லதுதான். இறுக்கும் கை தரையில் ஊன்றாது.

மூன்றாவது, எதிராளியின் வெளிக்கால். கீழே இருப்பவர் ஒரு முழங்கையில் எழும்பி, தலையை எதிராளியின் விலாவோடு ஒட்டி, காலியாக இருக்கும் கையை அவர் வயிற்றுக்கு அடியில் நீட்டி, அப்பால் இருக்கும் பாதத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார். சிலர் முழங்காலைப் பிடிப்பார்கள். அகன்று ஊன்றியிருந்த கால் உள்ளே வருகிறது. 30 செ.மீ. 10 ஆவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, இவர் முழங்காலில் எழும்பி, தோளால் எதிராளியை அந்தப் பக்கம் தள்ளுகிறார். மேலே தோள் அப்பால் தள்ளுகிறது, கீழே கை இப்பால் இழுக்கிறது. எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு உயரத்தில் செயல்படும் இரண்டு விசைகள். பள்ளிப் பாடத்தில் இதை இரட்டை என்று படித்திருப்போம். தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது விரல்கள் செய்வதும் அதையே. ஒவ்வொரு விசையும் 200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடைக்கு ஈடானது, இடைவெளி 45 செ.மீ. என்றால் திருப்புத்திறன் 90 நியூட்டன் மீட்டர். விளிம்பு 10 செ.மீ.யில் இருக்கும்போது 90 கிலோ ஆளை நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 88. மயிரிழையில் இவர் ஜெயிக்கிறார். விளிம்பு பழைய 30-லேயே இருந்திருந்தால் எதிர்ப்பு 265 ஆக இருந்திருக்கும். எவ்வளவு முக்கினாலும் நடக்காது. பாதத்தைப் பிடிக்காமல் தள்ளத் தொடங்கும் புது மாணவர்களுக்கு நேர்வது இதுதான்.

இந்தத் தள்ளலுக்குக் கை வலிமையை நம்புவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முழங்காலில் எழும்பும்போது வேலை செய்வது தொடையும் பிட்டமும். மனித உடலின் மிகப் பெரிய தசை பிட்டத்தில்தான் இருக்கிறது. கைகள் வெறும் கொக்கிகள்.

குழந்தைப் பருவத்து அனிச்சை

விளிம்பும் எடையும் மட்டும் கணக்கானால் மரக்கட்டையைக் கவிழ்ப்பதும் மனிதரைக் கவிழ்ப்பதும் ஒன்றாகிவிடும். மனிதர் தடுமாறினால் கை தானாக நீளும். குழந்தைகளிடம் இந்தக் காப்பு அனிச்சை ஏறத்தாழ 6 முதல் 9 மாதத்துக்குள் தோன்றுகிறது. உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தால் அந்தப் பக்கத்துக் கை தரையைத் தேடிப் போகும். வாழ்நாள் முழுக்க இது நம்மோடு இருக்கிறது. பயிற்சிக்கூடத்தில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்வீப் இந்த அனிச்சையை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒன்று, கை நீளவே முடியாதபடி பிடித்துக்கொள்வது. சாயும் பக்கத்து மணிக்கட்டையோ சட்டைக்கையையோ பற்றிவிட்டால் மூளை கட்டளையிட்டும் பயனில்லை. மற்றொன்று, வேண்டுமென்றே கையை நீளவைப்பது. ஒரு பக்கம் பொய்யாகச் சாய்த்தால் எதிராளி அங்கே கை ஊன்றுவார். ஊன்றிய கையில் எடை ஏறிவிடும். எடை ஏறிய கையைச் சட்டென்று எடுத்து வேறு வேலைக்கு அனுப்ப முடியாது. அந்தக் கணத்தில் எதிர்ப்பக்கம் திறந்துகிடக்கும்.

நேரக்கணக்கும் கீழே இருப்பவருக்குச் சாதகம். கண்ணால் பார்த்துச் செயல்பட மனிதருக்குச் சுமார் 0.2 முதல் 0.25 விநாடி ஆகும். தொடு உணர்வுக்கு அதைவிடக் குறைவு. தலைகீழ் ஊசல் போல விழத் தொடங்கும் பொருளின் சாய்வு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சுமார் 2.7 மடங்காகிறது. மையம் 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த நேரம் கிட்டத்தட்ட 0.23 விநாடி. நிற்பவருக்கு, ஒரு மீட்டர் உயரத்தில், 0.32 விநாடி. தாழ இருப்பவரைச் சாய்ப்பது கடினம், ஆனால் சாயத் தொடங்கிவிட்டால் அவர் விழுவது வேகம். என்ன நடக்கிறது என்று கண் சொல்லி முடிப்பதற்குள் சாய்வு இரண்டரை மடங்கைத் தாண்டியிருக்கும்.

எதிராளியின் வலிமையே மறுவழி

தேர்ந்த எதிராளி, கீழே இருப்பவர் அண்டர்ஹுக்கோடு முழங்காலில் எழும்பியதுமே ஆபத்தை உணர்ந்துவிடுவார். இருவரும் அருகருகே முழங்காலில் நின்று முட்டிக்கொள்ளும் இந்த நிலைக்கு டாக்ஃபைட் என்று பெயர். இங்கிருந்து எழும்பி வருவதையே தன் முத்திரையாக்கிக்கொண்டவர் பிரேசிலின் லூகாஸ் லெய்ட்டே. எதிராளி விஸ்ஸரை இறுக்கி, முழு எடையையும் கீழிருந்து எழும்பியவர்மீது திருப்பித் தள்ளுவார். தன் மையத்தை வெளிவிளிம்பிலிருந்து அவர் தள்ளிக்கொண்டு போகிறார். நல்ல தற்காப்புத்தான். ஆனால் மையம் ஒரு விளிம்பை விட்டு விலகினால் இன்னொரு விளிம்பை நெருங்கியே தீரும். நெருங்குவது எந்தப் பக்கம்? கால் மாட்டிக்கொண்டிருக்கும், கையும் விஸ்ஸரில் சிக்கியிருக்கும் பக்கம். இவர் எதிர்த்துத் தள்ளாமல் அவருக்கு அடியில் புகுந்து அதே திசையில் உருள்கிறார். அவர் கொடுத்த தள்ளலே அவரைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் ஸ்வீப்பை ஒற்றையாகப் பழகுவதில்லை, இரு திசைக்கும் ஜோடியாகப் பழகுகிறார்கள்.

இந்த யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் டீப் ஹாஃப் கார்டு கிடைக்கும். கீழே இருப்பவர் எதிராளியின் இடுப்புக்கு நேர் அடியில் நுழைந்து, ஒரு தொடையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொள்கிறார். இப்போது எதிராளி கிட்டத்தட்ட இவர்மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தாங்குதளத்தின் ஒரு பகுதி தரையல்ல, இவருடைய உடல். அது உருண்டால் மேலே இருப்பவரும் உருள வேண்டியதுதான்.

மேலிருந்து பார்த்தால்

மேலே இருப்பவருக்கும் இதே கணக்குத் தெரியும். அவர் செய்ய வேண்டியது இரண்டு. மையத்தைத் தாழ்த்துவது, விளிம்பை அகலமாக்குவது. இடுப்பைத் தாழ்த்தி மையத்தை 25 செ.மீ.க்குக் கொண்டுவந்து, வெளிக்காலை 40 செ.மீ. அகற்றினால், கவிழ்க்க அவரை 22 செ.மீ. உயர்த்தியாக வேண்டும். 195 ஜூலுக்கு மேல். முன்பு 9 ஜூலில் முடிந்த வேலைக்கு இருபது மடங்குக்கும் அதிகமான விலை.

கூடவே அவர் முன்கையைக் கீழே இருப்பவரின் தாடையோரம் வைத்து முகத்தை அப்புறம் திருப்பி அழுத்துவார். கிராஸ்ஃபேஸ் என்பார்கள். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாகத் தெரியும். அதன் நோக்கம் வலி அல்ல. கழுத்து ஒரு பக்கம் பூட்டப்பட்டால் முதுகெலும்பு மறுபக்கம் திரும்பாது, ஒருக்களித்துப் படுக்க முடியாது, அண்டர்ஹுக்கும் வலுவிழந்துவிடும். ஹாஃப் கார்டு ஆட்டத்தின் முதல் சில விநாடிகள் பெரும்பாலும் இந்தப் போட்டியில்தான் கழிகின்றன: யார் கை அக்குளுக்கு அடியில் முதலில் போகிறது, யார் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற போட்டி.

எடைக்கு மதிப்பே இல்லையா?

1993 நவம்பரில் டென்வரில், வெவ்வேறு சண்டைக்கலை வீரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஜியு-ஜிட்சுவால் தன்னைவிடப் பெரியவர்களை அடுத்தடுத்து வென்றார். அதன்பிறகு, நுணுக்கம் தெரிந்தால் எடை பொருட்டே இல்லை என்ற பேச்சு பரவியது. இயற்பியல் அதை ஏற்காது. நாம் போட்ட கணக்குகள் அனைத்திலும் எடை ஒரு பெருக்கற்காரணியாக உட்கார்ந்திருக்கிறது. எதிராளி 90-க்குப் பதில் 120 கிலோ என்றால் தேவையான திருப்புத்திறனும் ஆற்றலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். விளிம்பை அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுருக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் கனமானவரே மேலே இருப்பார். ஜியு-ஜிட்சு போட்டிகளில் இன்றும் எடைப் பிரிவுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டீப் ஹாஃப் கார்டைப் பெரிய மேடைகளில் வெற்றிகரமாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் பெர்னார்டோ ஃபாரியா. 2015 உலகப் போட்டியில் தன் எடைப் பிரிவிலும், எல்லா எடையினரும் மோதும் திறந்த பிரிவிலும் தங்கம் வென்றவர். அவர் ஒல்லியான ஆளல்ல, கனமான பிரிவுக்காரர். விளிம்பைச் சுருக்கும் கலை மெலிந்தவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சலுகை அல்ல என்பதற்கு அவரே சாட்சி. பலமும் நுணுக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவர்தான் ஆபத்தானவர்.

அடுத்து நீங்கள் ஒரு ஜியு-ஜிட்சு ஆட்டம் பார்க்க நேர்ந்தால் கீழே திணறுபவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். மேலே இருப்பவரின் இரண்டு கைகளும் இரண்டு முழங்கால்களும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். ஒரே பக்கத்துக் கையும் காலும் வேறு வேலையில் சிக்கியிருந்தால், நடுவர் இரண்டு விரலை உயர்த்துவதற்கு முன்பே யார் மேலே வரப்போகிறார் என்பதை நீங்கள் சொல்லிவிடலாம்.